பங்காளிச் சண்டை, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில்

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. ஒன்று: ஒரே அணிக்குக் கார் ஓட்டும் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இரண்டு காரையும் பாழாக்குகிறார்களே, இதைவிட அசட்டுத்தனம் உண்டா, அணித் தலைவர் ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடாதா? மற்றொன்று: 1989இல் ஜப்பானின் சுசுகாவில் மெக்லாரன் அணியின் சென்னாவும் ப்ராஸ்டும் மோதியதில் தவறு யார்மீது? இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதலாவதைத் தீர்க்காமல் அதைத் தொட முடியாது.

அசட்டுத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய ஃபார்முலா 1 பந்தயத்தில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. ஓர் அணியின் இரு கார்களும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தால் அணிக்கு 43. பின்னால் வருபவர் முன்னால் போகிறவரைத் தாண்டினாலும் அணிக்கு அதே 43தான், அரைப் புள்ளி கூடாது. ஆனால் தாண்டியவருக்கு 7 கூடுகிறது, தாண்டப்பட்டவருக்கு 7 குறைகிறது. இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரே நொடியில் 14 புள்ளி நகர்கிறது. இடித்துக்கொண்டால் 43உம் போய்விடும். பரிசுப் பணம் அணிகளின் பட்டியலைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. உலகச் சாம்பியன் பட்டமோ ஒரே ஓர் ஆளுக்கு. தொழிற்சாலையில் இரவு பகலாக உழைக்கும் நூற்றுக்கணக்கானோருக்கு நஷ்டத்தைத் தவிர வேறொன்றும் தர முடியாத ஒரு காரியம், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அந்த ஆண்டிலேயே மிக லாபமான காரியமாக இருக்கிறது. இதில் அசடு யார்?

‘அணி’ என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அதைக் கேட்டதும் கால்பந்து நினைவுக்கு வருகிறது: ஒருவர் பந்தைத் தட்டிக்கொடுக்க மற்றவர் கோல் அடிப்பார், இருவரும் கட்டிக்கொள்வார்கள். பந்தயக் காரில் தட்டிக்கொடுக்கப் பந்து இல்லை. இந்த உறவுக்குப் ‘பங்காளி’தான் சரியான சொல். சொத்து ஒன்று, உரிமை கோருகிறவர் இருவர். அயலான் நூறு ஏக்கர் வாங்கினால் வராத காய்ச்சல், பங்காளி வரப்பை ஒரு முழம் தள்ளிப்போட்டால் வந்துவிடும்.

காரணமும் இருக்கிறது. வேறு அணிக்காரரிடம் தோற்றால் ‘அவர் கார் நல்ல கார்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். அதே காரை ஓட்டும் சகாவிடம் தோற்றால் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஒப்பந்தம், சம்பளம், அணிக்குள் யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் அந்த ஓர் ஒப்பீட்டில் தொங்குகின்றன. போதாக்குறைக்கு, எந்த வளைவில் எங்கே பிரேக் பிடித்தார், எங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார் என்ற தரவுகள் இருவருக்கும் பொதுவில் திறந்திருக்கும். தன்னுடைய ரகசியத்தையெல்லாம் அறிந்த ஒருவரோடுதான் ஒவ்வொரு ஞாயிறும் மோத வேண்டும்.

இது மனத்தின் பக்கம். காரின் பக்கமும் ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வேகமான கார் மெதுவான காரைத் தாண்டும்போது நடுவில் தாராளமாக இடம் கிடைக்கும். நேர்ச்சாலையிலேயே வேலை முடிந்துவிடும். இரண்டும் ஒரே கார் என்றால் அந்தத் தாராளம் கிடைக்காது. ஒரே எஞ்சின், ஒரே இறக்கைகள், ஏறத்தாழ ஒரே பிரேக் புள்ளி. எப்போதாவதுதான் ஒருவருக்குச் சற்றுக் கூடுதல் வேகம் கைக்கு வரும்: புது டயர், கொஞ்சம் மிச்சப்படுத்திய எரிபொருள், எஞ்சினில் வேறொரு அமைப்பு. அதுவும் ஓரிரு சுற்றுக்குத்தான். இப்போது தாண்டாவிட்டால் இன்றைக்கு இல்லை என்ற அவசரம் அதில் இருக்கிறது. சகாக்களின் மோதல்களை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் இப்படி ஒரு குறுகிய ஆயுள் கொண்ட வேகம் ஒளிந்திருக்கும்.

ஆனால் அவசரம் மட்டும் மோதலை உண்டாக்காது. பின்னால் வருகிறவர் பாய்ந்தால் முன்னவர் விலகலாம். முன்னவர் கதவை அடைத்தால் பின்னவர் பிரேக்கை அழுத்தலாம். யாராவது ஒருவர் விலகினால் போதும். இருவரும் விலகாமல் இருக்க வேண்டுமென்றால், ‘அவன் விலகுவான்’ என்ற நம்பிக்கை இருவரிடமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது யார் என்று தோண்டிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஒரு கூட்ட அறையில் போய் நிற்பீர்கள். தெளிவாகச் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கு. இரண்டு விதமாகப் படிக்க முடிந்த ஓர் உத்தரவு. பகையால் மோதுகிறார்கள் என்பது தொலைக்காட்சிக்கு நல்ல கதை. என் கணக்கில் பகை, மோதலுக்குப் பிறகு வருவது.

இமோலா, 1982. அணிகளின் புறக்கணிப்பால் 14 கார்கள் மட்டுமே ஓடிய பந்தயம். ரெனோ கார்கள் இரண்டும் நின்றுபோக, ஃபெராரியின் ஜில் வில்னேவும் டிடியே பிரோனியும் முதல் இரு இடங்களில் வந்தார்கள். பாதையோரம் அணியினர் நிற்கும் பிட் சுவரிலிருந்து ஒரு பலகை காட்டினார்கள். அதில் இருந்தது ‘மெதுவாக’ என்ற ஒரே ஒரு சொல். இருக்கிற வரிசையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்னேவ் படித்தார். காரை வதைக்காமல் ஓட்டச் சொல்கிறார்கள், வரிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பிரோனி படித்தார். கடைசிச் சுற்றில் பிரோனி தாண்டி வென்றார். இனி அவரோடு பேசமாட்டேன் என்றார் வில்னேவ். 13 நாள் கழித்து, மே 8 அன்று, பெல்ஜியத்தின் ஸோல்டரில், தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றின்போது மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காரின் மீது ஏறித் தூக்கியெறியப்பட்டு இறந்தார். அந்த நேரத்தில் நேரப் பட்டியலில் பிரோனி அவரைவிட நூலிழை முன்னால் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாக்கன்ஹைமில் பிரோனியின் கால்கள் நொறுங்கின, ஃபார்முலா 1 வாழ்க்கை முடிந்தது. 1987இல் படகுப் பந்தயத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் இறந்தபின் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளுக்குத் தாய் வைத்த பெயர்கள் டிடியே, ஜில். இதில் கார்கள் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சொல் பலகைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இஸ்தான்புல், 2010. ரெட் புல் கார்கள் முன்னால்; மார்க் வெப்பர் முதலில், செபாஸ்டியன் வெட்டல் பின்னால். இருவரும் அந்தப் பந்தயத்துக்கு வரும்போது தலா 78 புள்ளிகளோடு சமமாக இருந்தார்கள். வெப்பர் எரிபொருளைச் சேமிக்க எஞ்சினைத் தணித்திருந்தார். பின்னால் வந்ததால் வெட்டல் சற்றுக் கூடுதலாக மிச்சம் பிடித்திருந்தார். அவர் கையில் இன்னும் ஒரு சுற்றுக்கான முழு வேகம் இருந்தது. அவருக்குப் பின்னால் மெக்லாரனின் ஹாமில்டன் நெருக்கிக்கொண்டிருந்தார். 40ஆவது சுற்றில் வெட்டல் இடப்பக்கம் நுழைந்து, முழுதாகத் தாண்டுவதற்கு முன்பே வலப்பக்கம் சாய்ந்தார். வெப்பர் தன் கோட்டை விட்டு நகரவில்லை. வெட்டல் வெளியே, வெப்பர் மூன்றாமிடத்தில், மெக்லாரனுக்கு முதல் இரண்டு இடங்கள். கையிலிருந்த 43 புள்ளி 15 ஆனது. இங்கே விலக வேண்டியவர் வெப்பர் என்று வெட்டல் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. அணியின் செல்லப்பிள்ளை யார் என்பது அவருக்குத் தெரியும். வெப்பருக்கும் தெரியும், அதனாலேயே அவர் விலகவில்லை. சில வாரங்களில் சில்வர்ஸ்டோனில் வெப்பர் காரிலிருந்த புது முன்னிறக்கையைக் கழற்றி வெட்டலுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பந்தயத்தை வென்ற வெப்பர், இரண்டாம் நிலை ஓட்டுநருக்கு இது மோசமில்லை என்று ரேடியோவில் குத்திக்காட்டியது ரசிகர்களுக்கு மனப்பாடம். அணி மட்டும் இருவரும் சமம் என்றே சொல்லிவந்தது.

2016 பார்சிலோனா இன்னும் சுருக்கமான பாடம். மெர்சிடிஸ் அணியின் லூயிஸ் ஹாமில்டனும் நிகோ ராஸ்பர்கும் சிறுவயதில் கோ-கார்ட் பந்தயத்தில் ஒரே அணியில் ஓட்டிய நண்பர்கள். முதல் வளைவில் ராஸ்பர்க் வெளிப்பக்கமாகச் சுற்றி முன்னால் போனார். போன பிறகுதான் அவருடைய எஞ்சின் தவறான அமைப்பில் இருப்பது தெரிந்தது, கார் இழுக்கவில்லை. ஹாமில்டன் மளமளவென்று நெருங்கி வலப்பக்கம் நுழைந்தார். ராஸ்பர்க் அதே பக்கம் அடைத்தார். ஹாமில்டன் புல்லில் இறங்கிச் சுழன்று ராஸ்பர்கையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு சுற்றுகூட முடியவில்லை, இரண்டு மெர்சிடிஸும் மணலில். நடுவர்கள் யாரையும் தண்டிக்கவில்லை. அன்று வென்றவர், ரெட் புல் அணிக்காக முதன்முறை ஓட்டிய 18 வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். இந்த இருவருக்கும் இது புதிதல்ல. 2014இல் ஸ்பாவில் ராஸ்பர்கின் முன்னிறக்கை ஹாமில்டனின் பின்டயரைக் கிழித்தது. 2016இலேயே ஆஸ்திரியாவில் கடைசிச் சுற்றில் மறுபடி இடி. அந்த ஆண்டுப் பட்டத்தை 5 புள்ளி வித்தியாசத்தில் வென்ற ராஸ்பர்க் ஐந்தே நாளில் ஓய்வு அறிவித்தார். இன்னொரு ஆண்டு இந்த ஆளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் அப்படித்தான் படித்துக்கொண்டேன்.

அஜர்பைஜானின் பாக்கு நகரில் 2018இல் நடந்ததைப் பற்றி ஒரு வரி போதும் என்று நினைத்தேன், ஆனால் ஒரு விவரம் விடமுடியாதது. ரிக்கியார்டோவும் வெர்ஸ்டாப்பனும் அன்று பந்தயம் முழுவதும் உரசிக்கொண்டே வந்தார்கள். ஒருமுறை சக்கரங்கள் தொட்டும்விட்டன. சுதந்திரமாக மோத விடுவது ரெட் புல்லின் பெருமை. ஒருவழியாக ரிக்கியார்டோ தாண்டினார். டயர் மாற்ற அவரை முதலில் அழைத்தார்கள். அடுத்த சுற்றில் வெர்ஸ்டாப்பனை அழைத்தபோது அவர் வெளியே வந்ததோ ரிக்கியார்டோவுக்கு முன்னால். வேர்த்து விறுவிறுத்துப் பிடித்த இடத்தை டயர் மாற்றும் வரிசை தட்டிப் பறித்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த நேர்ச்சாலையின் முடிவில், 40ஆவது சுற்றில், வெர்ஸ்டாப்பன் இருமுறை நகர, ரிக்கியார்டோ அவர் முதுகில் ஏறினார். நடுவர்கள் இருவரையும் கண்டித்தார்கள். நான் அணியையும் சேர்த்திருப்பேன்.

டயர் மாற்றும் வரிசையை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஓர் அணிக்கு டயர் மாற்ற இடம் ஒன்றுதான். இரு கார்களும் அடுத்தடுத்து ஓடினால் ஒருவரை முதலில் அழைத்தாக வேண்டும். புது டயரோடு முதலில் வெளியே போகிறவர் அந்த ஒரு சுற்றில் கணிசமாக நேரம் சம்பாதித்துவிடுவார். அதாவது இருவரும் சமம் என்று எத்தனை முறை சத்தியம் செய்தாலும், பந்தயத்தின் நடுவில் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தும் முடிவை அணி எடுத்தே தீர வேண்டும். 2024இல் ஹங்கேரியில் மெக்லாரன், பின்னால் இருந்த லாண்டோ நோரிஸை முதலில் அழைத்தது. அவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு முன்னால் வந்துவிட்டார். பிறகு இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ரேடியோவில் நெடுநேரம் மன்றாடினார்கள். கடைசிச் சுற்றுகளில்தான் அவர் கொடுத்தார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி. 2025இல் மோன்சாவில் கதை திரும்பியது: நோரிஸின் டயர் மாற்றம் இழுத்துவிட, முன்னால் வந்த பியாஸ்ட்ரியை விலகச் சொன்னார்கள்.

மெக்லாரனின் ஏற்பாட்டுக்கு அணியின் நிறத்தை வைத்துப் ‘பப்பாளி விதிகள்’ என்று பெயர். போட்டியிடலாம், ஒருவரையொருவர் தொடக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 2025இலேயே கனடாவில், முடிய மூன்று சுற்று இருக்கையில், பிட் சுவருக்கும் பியாஸ்ட்ரிக்கும் நடுவில் இல்லாத இடத்தில் நோரிஸ் நுழைந்து தன் காரை நொறுக்கிக்கொண்டார். ரேடியோவிலேயே பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார், அதனால் சண்டை வளரவில்லை. சகாக்கள் மோதிய வரலாற்றில் இது அபூர்வம். சிங்கப்பூரில் முதல் சுற்றில் மறுபடி உரசல். அமெரிக்காவில் நடந்த குறும்பந்தயத்தில் முதல் வளைவிலேயே இருவரும் வெளியே. பட்டத்தைக் கடைசியில் நோரிஸ் வென்றார், வெர்ஸ்டாப்பனைவிட 2 புள்ளி கூடுதலாக: 423க்கு 421. நூல் அறுந்திருந்தால் அந்த விதிகளைப் பற்றி இன்று என்ன பேசியிருப்போம் என்று யோசித்துப்பாருங்கள்.

இப்போது ‘ஒரு வார்த்தை சொன்னால் தீராதா’ என்பதற்கு வரலாம். சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 1981இல் பிரேசிலில் வில்லியம்ஸ் அணி, ஜோன்ஸ் முதலில், ராய்ட்டமன் அடுத்து என்று பெயர் எழுதியே பலகை காட்டியது. இரண்டாம் ஓட்டுநராக ஓட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் கார்லோஸ் ராய்ட்டமன். மழையில் சுற்றுக்குச் சுற்று அந்தப் பலகையைக் கடந்து போய், தானே வென்றார். ஆலன் ஜோன்ஸ் மேடைக்கே வரவில்லை. ஆண்டு முடிவில் ராய்ட்டமன் 1 புள்ளியில் பட்டத்தை இழந்தார். 2013இல் மலேசியாவில் வெப்பருக்குப் பின்னாலேயே இரு என்று வெட்டலுக்குக் குறிப்புச் சொல் அனுப்பினார்கள். அவர் தாண்டி வென்றுவிட்டு மன்னிப்புக் கேட்டார். 160 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் இறங்குகிறவரின் காலை ரேடியோ பிடித்து இழுக்காது.

சொல் தெளிவாக இருந்து, ஓட்டுநரும் கீழ்ப்படிந்தால்? அதற்கும் விலை இருக்கிறது. 2002இல் ஆஸ்திரியாவில் பந்தயம் முழுக்க முன்னால் ஓடிய ஃபெராரியின் பாரிக்கெல்லோ, அணி உத்தரவுப்படி இறுதிக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு வேகத்தைக் குறைத்துச் சகா மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கூட்டம் ஊளையிட்டது. வெட்கப்பட்ட ஷூமாக்கர் மேடையில் அவரை உச்சிப்படிக்கு ஏற்ற, மேடை நெறிமுறையை மீறியதற்காக 10 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அடுத்த ஆண்டிலிருந்து பந்தய முடிவை மாற்றும் அணி உத்தரவுகளுக்குத் தடை. தடை என்ன செய்தது? உத்தரவைப் புதிராக மாற்றியது. 2010இல் ஹாக்கன்ஹைமில் ஃபெராரி, முன்னால் ஓடிய தன் ஓட்டுநர் மாஸாவிடம், சகா அலோன்சோவுக்கு ‘வழிவிடு’ என்று சொல்லவில்லை. அலோன்சோ உன்னைவிட வேகமாக இருக்கிறார், புரிந்ததா என்று கேட்டது. புரிந்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். 2011இல் தடையும் போயிற்று. என்னைக் கேட்டால் அந்தத் தடை நல்லெண்ணத்தில் பிறந்த கெட்ட விதி. ஏற்கெனவே பூசி மெழுகிப் பேசும் கூட்டத்துக்கு, பூசி மெழுகுவதைக் கட்டாயமாக்கியது.

மோதவே கூடாது என்று கட்டிப்போட்டாலும் போதாது. 2017இல் ஃபோர்ஸ் இந்தியாவின் பெரெஸும் ஓகானும் பாக்குவில் இடித்துக்கொண்டார்கள், ஸ்பாவில் ஒரே பந்தயத்தில் இருமுறை. இனி ஒருவரையொருவர் தாக்கிப் போட்டியிடக் கூடாது என்று அணி கையைக் கட்டியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் முதல் சுற்றிலேயே பெரெஸ் ஓகானைச் சுவரில் ஏற்றினார். மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இதே கதைதான். 2006இல் எஸ்டோரிலில் பட்டியலில் முன்னணியில் இருந்த நிக்கி ஹேடனை, அதே ஹோண்டா அணியின் புதுமுகம் டானி பெட்ரோசா கீழே தள்ளினார். அடுத்த பந்தயத்தில் பட்டப் போட்டியாளர் வாலன்டினோ ரோஸி விழுந்திராவிட்டால் ஹேடனுக்குப் பட்டம் இல்லை.

வேறு வகை மனிதர்களும் இருந்திருக்கிறார்கள். 1956இல் மோன்சாவில் பட்ட வாய்ப்பு இருந்தும் பீட்டர் காலின்ஸ் தன் காரைவிட்டு இறங்கி அதைத் தன் அணிச் சகா ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார். ஃபாஞ்சியோ நான்காம் முறை சாம்பியன் ஆனார். அந்தப் பெருந்தன்மையை இன்றைக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை. காரைக் கைமாற்ற விதியும் இல்லை.

சரி, சுசுகா.

1988இல் மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. வெளியில் எதிரி இல்லாத வீட்டில் சண்டை உள்ளேதான் வரும். அந்த ஆண்டு எஸ்டோரிலில் தாண்ட வந்த ப்ராஸ்டை நேர்ச்சாலையில் பிட் சுவர்வரை நெருக்கினார் சென்னா. ப்ராஸ்ட் விலகாமல் தாண்டி வென்றாலும், அந்த நெருக்கலை மறக்கவில்லை. 1989 இமோலாவில், முதல் வளைவை யார் முதலில் அடைகிறாரோ அவரை மற்றவர் அங்கே தாக்கக்கூடாது என்று ஒப்பந்தம். முதல் தொடக்கத்தில் சென்னா முன்னால். ப்ராஸ்ட் வாக்கைக் காத்தார். ஃபெராரி ஓட்டுநர் பெர்கரின் கார் தீப்பிடித்ததால் பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியது. இம்முறை ப்ராஸ்ட் முன்னால். சென்னா தோசா வளைவில் தாண்டிவிட்டார். ஒப்பந்தம் மறுதொடக்கத்துக்குப் பொருந்துமா, பொருந்தாதா? எழுதாத ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை யார் தேடுவது? இமோலாவுக்கும் இரண்டாகப் பிளக்கும் சொற்களுக்கும் ஏதோ பொருத்தம்.

அக்டோபரில் சுசுகாவுக்கு வரும்போது சென்னா வென்றால்தான் பட்ட வாய்ப்பு உயிரோடிருக்கும். இதுவரை பலமுறை கதவைத் திறந்துவிட்டேன், இனி திறக்கமாட்டேன் என்று ப்ராஸ்ட் பந்தயத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். இத்தனை மோதல்களில் ‘நான் விலகமாட்டேன்’ என்று முன்கூட்டி வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். 53 சுற்றுப் பந்தயத்தின் 47ஆவது சுற்றில், கடைசி வளைவுக்கு முன்னிருக்கும் குறுகிய திருப்பத்தில், சென்னா உட்பக்கம் பாய்ந்தார். ப்ராஸ்ட் வளைவு தொடங்கும் முன்பே காரைத் திருப்பினார். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் அந்தத் திருப்பம் வளைவுக்கானதல்ல, சென்னாவுக்கானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இடித்தது ப்ராஸ்டின் கை. ஆனால் அதற்குமுன் ஒவ்வொரு முறையும் ப்ராஸ்ட் விலகியதையே முதலீடாக வைத்து அந்த இடைவெளியில் இறங்கியது சென்னாவின் முடிவு; சொன்ன சொல்லை அவர் நம்பவில்லை. இமோலாவிலேயே தெளிவாக ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டிய அணி, ஆறு மாதம் அதைப் புகைய விட்டது.

இரண்டு மெக்லாரனும் கொம்பு பின்னிய மாடுகள் மாதிரி நின்றன. ப்ராஸ்ட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு இறங்கி நடந்தார். சென்னா உட்கார்ந்தபடியே தள்ளச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தள்ளினார்கள், எஞ்சின் பிடித்தது, உடைந்த முன்பகுதியை மாற்றிக்கொண்டு போய், அதற்குள் முன்னால் போயிருந்த நன்னினியைத் தாண்டி முதலாவதாக வந்தார். திருப்பத்தை விட்டுக் குறுக்கே போய்ப் பந்தயத்தில் சேர்ந்ததாக அவரைத் தகுதி நீக்கினார்கள். பட்டம் ப்ராஸ்டுக்கு. அடுத்த ஆண்டு அவர் ஃபெராரிக்குப் போய்விட்டார்.